ரிப்பன் சாரின் சிக்குக் கோலம்

உலகத்தில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் கோடிக்கணக்கில் இருக்கலாம். ஒரே ஒரு தாளை அச்சடிப்பதற்காக ஒரு தெருவின் சட்னியையே நிறுத்தி வைக்கக்கூடியவர் ஒருவர்தான். அவர் சிட்லபாக்கத்தில், எங்களுக்குக் கீழ் போர்ஷனில் இருக்கிறார். சொந்தப் பெயர் தபால்காரருக்குத் தெரிந்திருக்கலாம். எங்களுக்கு அவர் ரிப்பன் சார்.

அவரிடம் இருப்பது டிவியோடு இணைத்து ஓட்டும் அந்தக் காலத்து வீட்டுக் கம்ப்யூட்டர். புரோகிராமைக் கேசட்டிலிருந்துதான் ஏற்ற வேண்டும். கரண்ட் லேசாகத் தடுமாறினாலும் ஏற்றியதெல்லாம் போச்சு. அதனால் வேலையைத் தொடங்கும் முன் வீடு வீடாக வந்து நிற்பார்.

"கொஞ்ச நேரம் மிக்ஸி போடாதீங்க மேடம். மோட்டாரும் வேணாம். ஒரு பிரிண்ட் எடுக்கணும்."

"இட்லி வெந்துடுச்சு சார்."

"மிளகாய்ப்பொடி இருக்கில்ல?"

திட்டிக்கொண்டே எல்லோரும் பொடிக்கு எண்ணெய் ஊற்றுவோம்.

புள்ளி புள்ளியாக அடிக்கும் அவருடைய பிரிண்டருக்கு இப்போது ரிப்பன் கிடைப்பதில்லை. தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு கடைக்காரர், "இத்த இன்னும் வச்சிகினு கீறீங்களா சார்? புச்சா ஒண்ணு வாங்கிப் போடுங்க. இன்னாத்துக்கு இந்த பேஜாரு?" என்று கேட்டுவிட்டார். சார் ஸ்டாம்ப் பேட் மை ஒரு பாட்டில் வாங்கி வந்தார். காய்ந்த ரிப்பனுக்குக் கையாலேயே மை ஊட்டத் தொடங்கினார். பத்து விரலும் எந்நேரமும் ஊதா.

தேர்தல் அன்று வாக்குச்சாவடி அதிகாரி அந்தக் கைகளைப் பார்த்து ஆடிப்போய்விட்டார்.

"சார், நீங்க ஏற்கெனவே ஓட்டு போட்டிருக்கீங்க."

"பத்து விரல்லயுமா?"

சார் கைக்குட்டையை நனைத்து ஒரு விரலை அழுத்தித் துடைத்துக் காட்டினார். மை அழிந்தது. கைக்குட்டையை உதறியதில் பாதி அதிகாரியின் வெள்ளைச் சட்டைக்குப் போனது. அதற்கு மேல் அவர் எந்த ஆதாரமும் கேட்கவில்லை.

போன மார்கழிக்குக் கொஞ்சம் முன்னால் சாரின் மனைவி வசந்தா அக்கா வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். மாவுக்கட்டு. கையைவிட அக்காவுக்கு வாசல்தான் அதிகம் வலித்தது. புள்ளியைச் சுற்றிச் சுற்றி வளையும் சிக்குக் கோலத்தில் எங்கள் பக்கத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஸ்டிக்கர் கோலம் ஒட்டலாம் என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். அக்காவின் கண் கலங்கிவிட்டது.

ரிப்பன் சார் ஒரு முடிவுக்கு வந்தார். அக்காவின் கோலத்தைக் கம்ப்யூட்டரில் வரைந்து, பட்டை பட்டையாக அச்சடித்து ஒட்டி, கோடு முழுக்க ஊசியால் துளை போடுவது. தாளைத் தரையில் விரித்துத் துணியில் கட்டிய மாவை மேலே ஒற்றினால் கோலம் கீழே இறங்கிவிடும். ஒற்றுவதற்கு இடது கை போதும்.

முதல் பிரிண்ட் வந்தது. டிவியில் வட்டமாக இருந்த வளைவெல்லாம் தாளில் முட்டையாகியிருந்தது. அந்தப் பிரிண்டர் குறுக்கே நெருக்கியும் நெடுக்கே தள்ளியும் புள்ளி வைக்குமாம்.

அக்கா பார்த்தார். "இது என் கோலம் இல்லீங்க. யாரோ மேல உக்காந்து எழுந்த கோலம்."

சார் அதை அப்படியே ஏற்றுக்கொண்டார். ஸ்கேலும் கையுமாக ஒவ்வொரு வளைவையும் அளந்து கணக்கை மாற்றினார். தெரு ஒரு வாரம் மிளகாய்ப்பொடியில் ஓடியது. எனக்கே பொறுக்கவில்லை. "போன்ல போட்டோ எடுத்து, கடையில பெரிசா பிரிண்ட் போட்டுக்கலாமே சார்" என்றேன்.

"கடைக்காரருக்கு எது கோணல்னு தெரியுமா சார்? எனக்குத் தெரியும். தினமும் அதத் தாண்டித்தான நான் பால் வாங்கப் போறேன்."

கடைசியில் டிவியில் கோலம் அதற்கேற்ப நசுங்கிக் கிடந்தது. தாளில் வட்டம் வட்டமாகவே விழுந்தது.

மார்கழி முதல் நாள் காலை, தெளித்த வாசல் காய்ந்ததும் சார் தாளை விரித்துப் பிடித்துக்கொண்டார். அக்கா இடது கையால் மாவை ஒற்றினார். தாளைத் தூக்கியதும் நாங்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தோம். ஒரு வளைவுகூடப் பிசகாமல் அக்காவின் கோலம் கிடந்தது. அக்கா அதைச் சுற்றி வந்து பார்த்தார். முகத்தில் அவ்வளவு நிறைவு.

"நல்லா வந்திருக்குங்க. நாளைக்கு என்ன கோலம்?"

சார் விழித்தார். "நாளைக்கும் இதான்."

"மார்கழியில போட்ட கோலத்தையே திரும்பப் போடுவாங்களா? தெருவுல சிரிப்பாங்க."

ஒரு கோலத்துக்கே ஒரு வாரம் போராடிய மனுஷன். முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. கையெடுத்துக் கும்பிட்டு விலகிக்கொள்வார் என்றுதான் நினைத்தேன். அவர் தாளைப் பத்திரமாகச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டார். அக்காவின் நல்ல கையைப் பிடித்துப் படியேற்றிக்கொண்டே கேட்டார்:

"எத்தன புள்ளி, சொல்லு."