கொண்டாப்பூர் வானில் பச்சைத் திரை

புதுக் கேமரா வாங்கியவனுக்கு முதல் மூன்று மாதம் புத்தி லென்ஸ் வழியாகத்தான் வேலை செய்யும். எனக்கு அதுவும் செய்யவில்லை.

அந்த டிசம்பரில், லடாக் வானத்தில் வடதுருவ ஒளி தெரிந்ததாக டிவியில் காட்டினார்கள். சூரியப் புயலாம். லடாக்கில் தெரிந்தது ஹைதராபாத்தில் தெரியாதா என்று என் விஞ்ஞான மூளை கேட்டது. (பத்தாம் வகுப்பில் நான் வாங்கிய விஞ்ஞான மார்க்கைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.)

ஹைதராபாத்தில் நாங்கள் இருக்கும் கொண்டாப்பூரில் அன்று நல்ல குளிர். குரங்குக் குல்லா, இரண்டு ஸ்வெட்டர், அதன்மேல் மனைவியின் சால்வை சகிதம் மொட்டை மாடிக்குக் கிளம்பினேன்.

"ஏங்க, வாட்ச்மேன் பாத்தா திருடன்னு நெனச்சுருவாருங்க" என்றாள் சுமதி.

ட்ரைபாடை நிறுத்தி வடக்கே பார்த்தேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், பனிமூட்டத்தில் மெல்லிய பச்சை! ஷட்டரை முப்பது விநாடி திறந்து வைத்து எடுத்தேன். யாரோ பச்சைப் பட்டுப்புடவையை உதறிக் காயப்போட்ட மாதிரி வந்திருந்தது வானம். உடனே அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்: "வடதுருவ ஒளி நம் மாடியில்! உடனே வரவும்!"

வந்துவிட்டார்கள். போர்வையும் கம்பளியுமாக நாற்பது பேர். ஒருவர் ஃபிளாஸ்கில் டீயோடு. நான் சூரியத் துகள், காந்தப்புலம் என்று பிரசங்கமே செய்தேன். ஹைதராபாத் சனத்நகரிலேயே பிறந்து வளர்ந்து, தமிழில் உருதைக் கலந்து பேசும் மூன்றாம் மாடி மூர்த்தி சார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஹவ், கண்ணால பாத்துட்டேன் சார்! இனிமே நார்வேயெல்லாம் நக்கோ, வேண்டவே வேண்டாம்!"

அப்போதுதான் என் மகள், வீட்டில் தமிழில் கேட்டாலும் தெலுங்கில் பதில் சொல்கிறவள், சட்டையை இழுத்தாள். "அப்பா, அதி பாட்டக்கி டான்ஸ் சேஸ்தோந்தி."

பாட்டுக்கு ஆடுகிறதாம். எல்லோரும் காதைத் தீட்டினோம். தூரத்தில் டும் டும். ஒவ்வொரு டும்முக்கும் வானம் துள்ளியது.

"காந்தப்புலம் அப்படித்தான் துடிக்கும்" என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

பச்சை மெல்ல இறங்கி, எதிரே கட்டிக்கொண்டிருந்த கட்டடத்தின் சுவரில் இதய வடிவமாக நின்றது. அதற்குள் எழுத்துகள். மூர்த்தி சார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உரக்க வாசித்தார்: "ஸ்ரவந்தி வெட்ஸ் கிரண்."

நாற்பது பேர் சிரித்ததில், வானத்தில் லேசர் விளக்கு அடித்துக்கொண்டிருந்த பின்தெருக் கல்யாண மண்டபத்துப் பாட்டே அமுங்கிப்போனது. ட்ரைபாடை மடக்கும் சாக்கில் நான் அரை மணி நேரம் குனிந்தே இருந்தேன்.

இரண்டு வருடம் கழித்து ஆபீஸ் வேலையாக நிஜமாகவே நார்வே போனேன். விரல் மரத்து, மூக்கு எங்கே இருக்கிறது என்றே தெரியாத குளிரில் அசல் ஒளியைப் படமெடுத்தேன். கண் கலங்கிவிட்டது. போன மானத்தை மீட்கிற அவசரத்தில், அங்கிருந்தபடியே அதே குழுவில் படத்தை அனுப்பினேன்.

ஒரே நிமிடத்தில் மூர்த்தி சாரின் பதில் வந்தது: "பிரமாதம் சார். யார் வீட்டுக் கல்யாணம்?"

அதற்குக் கீழே சுமதி: "சாப்பிட்டுட்டே வந்துருங்க."