கட்டம் சாரும் வெள்ளைக் கட்டங்களும்

கோயமுத்தூரில் காலி இடத்தைப் பார்த்துப் பயந்த ஒரே மனிதர் எங்கள் கட்டம் சார்தான். மற்றவர்கள் காலி இடத்தைக் கண்டால் சைட் போட்டு விற்பார்கள். இவருக்கு நெஞ்சு படபடக்கும். பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாக இருந்தால் நின்றுகொண்டிருப்பவரின் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பார். டிபன் டப்பாவில் சாதத்துக்கும் பொரியலுக்கும் நடுவே அலுமினியம் தெரிந்தால், ஸ்பூனால் இழுத்து மூடிவிட்டுத்தான் முதல் வாய் சாப்பிடுவார்.

கணபதியில், லேத் பட்டறைகளுக்கு நடுவே இருந்த ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் அவர் கணக்கு வாத்தியார், நான் சரித்திரம். தொண்ணூறுகளின் பின்பாதி. அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு, சம்பள நாளில் மட்டும் அது காதில் விழும். மற்றபடி பிள்ளைகள் முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவர் கட்டம் சார். எப்போதும் கட்டம் போட்ட சட்டையில் வருவதால் வந்த பெயர் என்று ஸ்டாஃப் ரூமில் ஒரு கட்சி. பள்ளியின் டைம்டேபிளைக் கட்டம் கட்டமாகப் போடுகிறவர் என்பதால் வந்தது என்று இன்னொரு கட்சி.

ஜூன் மாதம் பிறந்தால் அவர் மனிதர்களோடு பேசமாட்டார். பெரிய சார்ட் அட்டையை விரித்து, யார் எந்த வகுப்புக்கு எந்த அறையில் எந்த பீரியட் என்று பென்சிலால் எழுதி, அழித்து, மறுபடி எழுதுவார். போட்டு முடித்தபின் சட்டமன்றமே தீர்மானம் போட்டாலும் மாற்றமாட்டார். கெமிஸ்ட்ரி டீச்சர் ஒருமுறை காலில் மாவுக்கட்டோடு நொண்டிக்கொண்டே வந்து, மாடியில் இருக்கும் வகுப்பைக் கொஞ்ச நாளைக்குக் கீழே மாற்றித் தரச் சொன்னார்.

"கால் சீக்கிரம் செரியாயிருமுங்க டீச்சர். டைம்டேபிள் கெட்டுப்போனா வருஷம் முழுக்க செரியாகாதுங்க" என்றார் கட்டம் சார்.

இப்படிப்பட்டவர் கையில்தான் ஒரு கம்ப்யூட்டர் கிடைத்தது.

எங்கள் தாளாளர் பம்ப் செட் மோட்டார் கம்பெனி முதலாளி. வீட்டில் தெலுங்கு, பேக்டரியில் கொங்குத் தமிழ், ஆண்டு விழா மேடையில் மட்டும் இங்கிலீஷ். கோபம் வந்தால் அவருக்குக் குரல் உயராது, மரியாதை உயரும். ஒரு வாக்கியத்தில் எத்தனை 'ங்க' விழுகிறது என்பதை வைத்துத்தான் கோபத்தின் அளவை நாங்கள் கணக்கிடுவோம். தன் பேக்டரிக்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியவுடன் பழையதைப் பள்ளிக்கு அனுப்பினார். அதற்காக ஓர் அறைக்கு ஏ.சி. போட்டார்கள். பள்ளியிலேயே ஒரே ஏ.சி. அதுதான். செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் போவதுபோலத்தான் உள்ளே போக வேண்டும்.

அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு காலண்டர் சாஃப்ட்வேர் இருந்தது. மேனேஜர்கள் யாரை எப்போது சந்திக்க வேண்டும் என்று குறித்து வைத்துக்கொள்வதற்காக யாரோ செய்தது. கட்டம் சார் அதைத் திறந்து பார்த்தார். திரை முழுக்கக் கட்டம். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்தவர்கள், அவர் கல்யாண ஆல்பத்தில்கூட இந்தச் சிரிப்பு இல்லை என்றார்கள்.

ஒவ்வொரு டீச்சருக்கும் ஒரு பத்தி, ஒவ்வொரு அறைக்கும் ஒரு பத்தி, ஒவ்வொரு பீரியடுக்கும் ஒரு கட்டம். அந்த சாஃப்ட்வேருக்குப் பள்ளிக்கூடம் தெரியாது என்பதால் எல்லா வகுப்புகளும் அதற்கு 'மீட்டிங்'தான். ஒரே அறையை இரண்டு பேருக்குக் கொடுத்தால் டிங் என்று மணியடித்துக் கண்டிக்கும். கட்டம் சார் அந்த மணிக்கு மட்டும்தான் பணிந்து போனார். வீட்டு வேலையையும் அதில் ஏற்றிவிட்டார். கடைக்குப் போகலாம் என்று வீட்டம்மா போனில் கூப்பிட்டபோது, அந்த நேரத்தில் எண்ணெய்க் குளியல் மீட்டிங் இருக்கிறது என்று பதில் சொன்னதை நானே கேட்டேன்.

முதல் பிரிண்ட் வந்த திங்கட்கிழமை பள்ளி ஸ்தம்பித்தது. காலை, மாலையை அவர் மாற்றிக் கொடுத்ததில் ஏழாம் வகுப்புக்கு விளையாட்டுப் பீரியட் விடியற்காலை இரண்டு மணிக்கு விழுந்திருந்தது. ஓர் அறையை இரண்டு பெயரில் ஏற்றியிருந்ததால் மணியும் அடிக்காமல், எனக்கும் கெமிஸ்ட்ரி டீச்சருக்கும் ஒரே அறை, ஒரே நேரம். கட்டம் சாரைத் தேடிப் பிடிப்பதற்குள் கலிங்கப் போரும் கந்தக அமிலமும் ஒரே போர்டில் பாதிப் பாதியாக நடந்து முடிந்தன. ஆனால் மனிதர் விடவில்லை. திருத்தித் திருத்தி, ஜூலை முடிவதற்குள் பள்ளிக்கூடம் எண்ணெய் போட்ட மோட்டார் மாதிரி ஓடியது.

அது தாளாளர் காதுக்கு எட்டியது. ஒரு வெள்ளிக்கிழமை வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். கட்டம் சார் பெருமை தாங்காமல் ஒவ்வொன்றாகக் காட்டினார். நானும் பக்கத்தில் நின்றிருந்தேன்.

தாளாளர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "நடுவால நடுவால வெள்ளையா இருக்குதே, அதென்னங்க சார்?" என்றார்.

"அதெல்லாம் சும்மா இருக்கற நேரமுங்க."

சொன்ன வேகத்தில் அதன் ஆபத்து கட்டம் சாருக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கிவிட்டது. அந்த வருஷம் ஊரில் மில்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. பேக்டரிகளிலும் ஆள் குறைப்பு. சும்மா என்கிற வார்த்தையை முதலாளிகள் காதில் போடக்கூடாத காலம்.

"யாரு ஜாஸ்தியா சும்மா இருக்கறாங்கன்னு இந்த மெஷின் சொல்லுமுங்களா?"

கட்டம் சார் ஒரு பட்டனைத் தட்டினார். திரையில் ஒரு பத்தி வந்து நின்றது. மேலே ருக்மணி டீச்சர் பெயர். கீழே அங்கொன்றும் இங்கொன்றுமாக நிறம், மீதியெல்லாம் வெள்ளை.

ருக்மணி டீச்சர் எங்கள் டிராயிங் டீச்சர். வாரத்துக்கு வகுப்புக்கு ஒரு பீரியட்தான். மற்ற நேரத்தில் சார்ட் வரைவார், மேடை ஜோடிப்பார், அழுகிற எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு யானை போட்டுக் காட்டுவார். இதெல்லாம் எந்தக் கட்டத்திலும் ஏறாத வேலை. அவர் வீட்டுக்காரர் வேலை பார்த்த மில் மூடி அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

"அந்த அம்மணியத் திங்கக்கெழம என்னைய வந்து பாக்கச் சொல்லுங்க சார், சொல்றீங்களாங்க" என்றார் தாளாளர். 'ங்க'க்கள் விழுந்த விதத்திலேயே விஷயம் தெரிந்துவிட்டது.

மத்தியானத்துக்குள் பள்ளி முழுக்கத் தெரிந்தது. ஸ்டாஃப் ரூமில் கட்டம் சார் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. அவர் டிபன் டப்பாவைத் திறக்கவே இல்லை. கடைசி பீரியடில் நானும் அவரும் ஏ.சி. அறையில் இருந்தபோது ருக்மணி டீச்சர் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. சண்டை போடுவார் என்றுதான் நான் நினைத்தேன்.

"ஏனுங்க சார், அதுல என்ற பேரையே எடுத்துருவீங்களா, இல்ல பேரை வெச்சுப்போட்டு காலியா உடுவீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகக் கேட்டது போலத்தான் இருந்தது. பதிலுக்கு நிற்காமல் டீச்சர் போய்விட்டார். கட்டம் சார் என் பக்கம் திரும்பினார்.

"நானேதான் காட்டிக் குடுத்துப்போட்டேனுங்க" என்றார்.

சனிக்கிழமை அரைநாள் பள்ளி. தன் ஆயுளில் யாருக்கும் ஒரு பீரியட் மாற்றிக் கொடுக்காத மனிதர், அன்று ஒவ்வொருவரிடமும் போய் ஒரு பீரியட் பிச்சை கேட்டார். இல்லாத வகுப்பை இருப்பதாக எழுத அவருக்கு மனம் வராது. கட்டத்தில் இருந்தால் அது நடக்க வேண்டும். உயிரியலில் படம் வரைகிற பாடங்களை ருக்மணி டீச்சர் எடுக்கட்டும், பூகோளத்தில் வரைபடங்களை எடுக்கட்டும் என்பது அவர் யோசனை. நான் சரித்திரத்தில் மேப் போடும் பீரியடைக் கொடுத்தேன். எனக்கு வரைந்தால் இலங்கையும் பலாப்பழமும் ஒன்றாகத்தான் வரும். பயாலஜி சார் ரொம்ப நேரம் தாடையைச் சொறிந்துவிட்டுப் பத்தாம் வகுப்பில் ஒன்று கொடுத்தார். மற்றவர்கள் பழைய கணக்கைத் தீர்த்தார்கள். கெமிஸ்ட்ரி டீச்சர் சிரிக்காமல், "டைம்டேபிள் கெட்டுப்போனா வருஷம் முழுக்க செரியாகாதுங்க சார்" என்று சொல்லிவிட்டு நோட்டுத் திருத்தப் போய்விட்டார்.

மணியடித்துப் பிள்ளைகள் போனபிறகும் நாங்கள் இருவரும் ஏ.சி. அறையில் இருந்தோம். ஒரு கட்டத்தை நகர்த்தினால் டிங். அதற்காக இன்னொன்றை நகர்த்தினால் அங்கே டிங். பக்கத்துப் பட்டறையில் பெரிய லேத்தைப் போடும்போதெல்லாம் வோல்டேஜ் இறங்கி, திரை நடுங்கி, யு.பி.எஸ். கத்தும். ஒருமுறை மொத்தமும் அணைந்து, செய்ததெல்லாம் போய்விட்டது. நான் தலையில் கை வைத்தேன். அவர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். பசிக்கிறது என்று நான் கிளம்பியபோதும் பாதிதான் முடிந்திருந்தது. மீதியை எப்படி நிரப்பப்போகிறார் என்று எனக்குப் புரியவில்லை.

திங்கட்கிழமை காலை தாளாளர் வந்தார். கட்டம் சார் புதுப் பிரிண்டை நீட்டினார்.

"வெள்ளிக்கெழம வெள்ளையா இருந்துது, இன்னிக்கு நெறஞ்சு போச்சுங்களே. மை கொட்டிப்போட்டீங்களாங்க?" என்றார் தாளாளர். யாரும் சிரிக்கவில்லை. "பேப்பர்ல எல்லாமே ஓடுமுங்க சார். ஓடற மோட்டாரத்தானுங்க நான் நம்புவேன். வாங்க, போய்ப் பாத்துப்போடலாமுங்க."

நான் 'ங்க'க்களை எண்ணுவதை விட்டுவிட்டேன்.

மாடியில் பத்தாம் வகுப்பு. ருக்மணி டீச்சர் போர்டு நிறைய ஓர் இதயத்தைக் கலர் சாக்பீஸில் போட்டுக்கொண்டிருந்தார். சிவப்பும் நீலமும் துடிப்பதுபோல இருந்தது. வாசலில் தாளாளரைப் பார்த்ததும் சாக்பீஸ் ஒடிந்து விழுந்தது. குனிந்து எடுத்து, "இந்தப் பக்கத்தால கெட்ட ரத்தம் வருது கண்ணுகளா" என்று தொடர்ந்தார். பயாலஜி சார் கடைசி பெஞ்சில் இருந்தார்.

தாளாளர் முன் பெஞ்சுப் பெண்ணிடம் குனிந்து, இந்த டீச்சர் எப்போதும் வருவாரா என்று கேட்டார். பிள்ளைகளிடம் சொல்லி வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

"இல்லீங்க சார், இன்னிக்குத்தானுங்க மொதோ தடவ" என்றாள் அவள். கட்டம் சார் கண்ணை மூடிக்கொண்டார். "இதுக்கு முன்னால பயாலஜி சார் போடுவாருங்க. அது மாங்காயாட்டம் இருக்குமுங்க."

வகுப்பு மொத்தமும் நோட்டுக்குள் முகத்தைப் புதைத்தது. பயாலஜி சார் ஜன்னல் வழியே தூரத்தில் எதையோ ஆராய்ந்தார். தாளாளர் சிரிக்கவில்லை. அந்த இதயத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நேராக ஏ.சி. அறைக்கு நடந்தார். நாங்கள் பின்னால் ஓடினோம்.

எல்லோருடைய பத்தியையும் காட்டச் சொன்னார். ஒவ்வொன்றாக வந்தது. ருக்மணி டீச்சரின் பத்தி நிறைந்திருந்தது. அதற்கு அடுத்தது பனி விழுந்ததுபோல வெள்ளையாக இருந்தது.

"இது யாருங்க?"

நான் குனிந்து மேலே இருந்த பெயரைப் படித்தேன். சம்பள நாளில் மட்டும் கேட்கிற பெயர்.

மற்றவர்கள் கொடுக்காததையெல்லாம் தன்னிடமிருந்தே எடுத்துக் கொடுத்திருந்தார். ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை அவர் எடுத்துக்கொண்டிருந்தது ஜியோமெட்ரி, அது முழுவதும் இப்போது ருக்மணி டீச்சருக்கு. பத்தாம் வகுப்பு மட்டும்தான் அவரிடம் மிச்சம்.

"அப்ப இப்ப நீங்கதானுங்க சும்மா இருக்கறீங்க" என்றார் தாளாளர்.

"ஆமாங்க" என்றார் கட்டம் சார். யு.பி.எஸ். ஒருமுறை கத்தி ஓய்ந்தது. தாளாளர் நாற்காலியில் சாய்ந்து அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்களப் போகச் சொன்னா பத்தாவதுக்கு நான்தான் கணக்கு எடுக்கோணும். எனக்கு வட்டிக் கணக்கு மட்டுந்தான் தெரியும்." ஒரு 'ங்க' கூட இல்லை. எனக்கு உயிர் வந்தது. "இந்த வெள்ளை நேரத்துல எல்லாம் நம்ம பேக்டரிக்கு வந்துரோணும் சார். அங்க எந்த ஷிப்டுல எவன் வாரான்னு எவனுக்கும் தெரியறதில்ல. இந்த மாதிரி ஒண்ணு போட்டுக் குடுத்தாப் போதும்." வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அந்த அம்மணி என்னைய வந்து பாக்க வேண்டாம். வேலையப் பாக்கட்டும்" என்றார்.

அன்று மாலை ருக்மணி டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். நன்றி சொல்லத்தான் வந்திருப்பார். கட்டை விரலில் ஒட்டியிருந்த நீல சாக்பீஸைத் தேய்த்துக்கொண்டே, "அடுத்த வருஷமும் இதே மாதிரி இருக்குமுங்களா சார்?" என்றார்.

"வாராவாரம் வாற மாதிரி ரிப்பீட் போட்டிருக்கேனுங்க" என்றார் கட்டம் சார். "எந்தத் தேதியோட முடிக்கறதுன்னு கேட்டுது. நான் ஒண்ணும் போடலீங்க."

அதன்பின் பள்ளிக்கும் பேக்டரிக்குமாக மொபெட்டில் அலைந்தார். பேக்டரியில் ஒவ்வொரு ஷிப்டையும் மீட்டிங் என்று போட்டு, இரவு ஷிப்டு ஆட்கள் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நின்ற கதை தனி. நாளாவட்டத்தில் அங்கேயே தங்கிவிட்டார். ருக்மணி டீச்சர் ரிட்டயர் ஆகும்வரை எங்கள் பள்ளியில்தான் இருந்தார். நான் வேறு ஊர், வேறு வேலை என்று போய்விட்டேன்.

சமீபத்தில் ஒரு கல்யாணத்துக்காகப் போத்தனூர் போயிருந்தேன். கட்டம் சார் வீடு அங்கேதான். பந்தி முடிந்தவுடன் ஸ்டேஷனுக்கு ஓட வேண்டியவன், கால் போன பக்கம் போய் அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். தலை முழுக்க நரைத்து, கண்ணாடி தடித்து, அதே கட்டம் போட்ட சட்டையில் வந்து திறந்தார். என்னை அடையாளம் தெரிந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "உக்காந்து பேசலாமுங்களா? உங்களுக்கு நேரமிருக்குதுங்களா?" என்று கேட்டார்.

ரயிலுக்கு அரைமணிதான் இருந்தது. "நெறைய இருக்குதுங்க சார்" என்று சொல்லி உட்கார்ந்தேன்.