துரை டவுசருக்குப் போட்ட கஞ்சி

நான் நாலாம் வகுப்போடு நின்றவள். கோவையாக எழுத வராது, முன்னது பின்னதாகிவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் ஒரு மனுசருடைய பிழைப்பைக் கஞ்சி போட்டுக் கெடுத்தவள் நான் என்பதை இப்போதாவது ஒப்புக்கொள்ள வேண்டும்.

சுதந்திரம் வந்து பத்து வருஷம் இருக்கும். பெரியநாயக்கன்பாளையம் பக்கம் ஒரு நூல்மில்லில் எங்கள் வீட்டுக்காரருக்கு வேலை. மில் ஃபுட்பால் டீமின் துணிமணியும் அவர் பொறுப்பு. (துவைப்பது நான்.) மெஷின் பூட்ட ஸ்காட்லாந்திலிருந்து டங்கன் என்றொரு துரை வந்திருந்தார். சொந்த ஊரில் பெரிய டீமில் இடது ஓரமாகப் பந்தைக் கொண்டு ஓடியவராம். முழங்காலில் அடிபட்டதும் கழித்துவிட்டார்கள். கால் சரியாகி எங்கள் டீமில் ஓடிக்கொண்டிருந்தார். எங்கள் ஆட்களிடம் தமிழ் கற்றதால் எல்லோருக்கும் "ங்க" போட்டுத்தான் பேசுவார்.

ஒருநாள் வீட்டுக்காரர் வந்து, "ஏனம்மணி, ஞாயித்துக்கெழமை மேட்ச்சப் பாத்து ஆளெடுக்கக் கல்கத்தா டீம்காரரு வர்றாரு. தொரையப் புடிச்சுப்போச்சுன்னா கூட்டிட்டுப் போயிருவாங்களாமா. இதை உட்டா மறுக்காப் பெரிய டீமுல ஆட முடியாதுங்கறாரு" என்றார்.

"அப்ப டவுசரு பளிச்சுன்னு இருக்கோணுமில்லீங்க" என்றேன்.

மற்ற பத்துப் பேருடையதைச் சும்மா அலசிப் போட்டேன். விருந்தாளியாயிற்றே என்று துரையுடையதற்கு மட்டும் ஜவ்வரிசிக் கஞ்சி, கல்யாண வேட்டிக்குப் போடுவதைவிட மூன்று பங்கு. காய்ந்ததும் டவுசர் யாரும் பிடிக்காமலே தரையில் நின்றது. பார்த்துப் பார்த்துப் பூரித்தேன். (புத்தி எங்கே போயிருந்ததென்று கேட்காதீர்கள்.)

துரை அதை வாங்கித் தட்டிப் பார்த்தார். தகரம் மாதிரி சத்தம் வந்தது. "ரொம்ப நல்லா இருக்குதுங்க" என்று மாட்டிக்கொண்டார். எங்கள் ஊர் மரியாதை அவருக்கும் தொற்றியிருந்தது.

பெண்கள் நாலு பேர் மில் லாரிக்குப் பின்னால் நின்று பார்த்தோம். துரை ஓட ஓட, சரக் சரக் என்று மைதானம் முழுக்கக் கேட்டது. வேர்த்ததும் கஞ்சி இளகிவிட்டது. ஓரத்தில் மேய்ந்த ஒரு கன்றுக்குட்டி மோப்பம் பிடித்து அவர் பின்னாலேயே வந்தது. பந்து காலில், எதிரே கோல்காரர் மட்டும். அந்த நேரம் பார்த்துக் கன்று டவுசரின் பின்பக்கத்தைக் கவ்விச் சப்ப ஆரம்பித்தது.

"ஏனுங்க, உடுங்க" என்றார் துரை, கன்றைப் பார்த்து. "கொஞ்சம் வேலை இருக்குதுங்க."

அது விடவில்லை. பந்து உருண்டு வெளியே போயிற்று. கல்கத்தாக்காரர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எதிர் டீம்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு ரயிலேறிவிட்டார்.

சாயங்காலம் வீட்டுக்காரர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு துரையிடம், "நாந்தானுங்க, கஞ்சியப் போட்டு இப்படிச் செஞ்சுபோட்டேன்" என்றேன்.

துரையின் கவலை வேறு. "கன்னுக்குட்டிக்கு வயிறு ஒண்ணும் பண்ணலைங்களா?" என்றார். நான் அழுதுவிட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து அவர் ஆஸ்திரேலியா போனார். அங்கிருந்து வந்த கடிதத்தை மில் குமாஸ்தா படித்துச் சொன்னார்: பெரிய டீமில் இடம் கிடைத்துவிட்டது, துணியை மட்டும் தானே துவைத்துக்கொள்கிறாராம்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது இன்டர்வியூவுக்குக் கிளம்பினால், "அம்மா, நீங்க துணிப்பக்கம் போயிராதீங்க" என்பான் மகன்.

அது ஆஸ்திரேலியாதானா, நியூசிலாந்தா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. தெரிந்தவர்கள் சரிபார்த்துச் சொல்லுங்கள். அப்படியே, அந்த ஊர் மைதானத்தில் மாடு கன்று மேய விடுவார்களா என்றும் விசாரித்தால் தேவலை.