உம் கொட்டிய வழக்கு

அனுமதி இல்லாமல் ஒருவர் பேச்சைப் பதிவு செய்வது குற்றம் என்று எங்கள் அலுவலகத்தில் சுற்றறிக்கை வந்தபோது, அதில் முதலில் கையெழுத்துப் போட்ட உத்தமன் நான்தான். போட்ட கையோடு சட்டைப்பையில் செல்போன் ரெக்கார்டரை ஓடவிட்டுக்கொண்டு மேலாளர் அறைக்குள் போனேன்.

காரணம் நியாயமானது. என் மனைவிக்கு வேறு ஊரில் வேலை. கல்யாணம் ஆனதிலிருந்து செல்போனில்தான் குடித்தனம். அந்த ஊர்க் கிளைக்கு எனக்கு மாற்றல் தர மேலாளர் பலமுறை ஒப்புக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் மறந்துவிடுவார். இந்தத் தடவை ஆள் வசமாக மாட்டினார் என்று நினைத்தேன்.

மாற்றல் வேறொருவருக்குப் போயிற்று. பொங்கி எழுந்து பதிவைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன். உடனடியாக விசாரணை தொடங்கியது, என் மேல்.

விசாரணை அதிகாரி பதிவைப் போட்டார். அறை முழுக்க என் குரல்.

"சார் இல்லைன்னா இந்த ஆபீஸே இல்லை சார்... இந்தச் சட்டை உங்களுக்கு ரொம்ப எடுப்பா இருக்கு சார்... அந்த மாற்றல் எனக்குத்தானே சார்?"

"ம்" என்றது மேலாளர் குரல்.

அப்புறம் மறுபடியும் நான். அந்தக் குழைவைக் கேட்க எனக்கே கூசியது.

"இதுல சார் எங்கேய்யா பேசுறார்?" என்றார் அதிகாரி.

"'ம்'னாரே சார்!"

"சும்மா உம் கொட்டினேன்" என்றார் மேலாளர்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதோ பாருங்க. 'ம்' பேச்சுதான்னா, அனுமதி இல்லாம அதைப் பதிவு பண்ணது குற்றம். உங்க வேலை போயிடும். பேச்சு இல்லைன்னா குற்றமும் இல்லை, வாக்குறுதியும் இல்லை. எது வேணும்?"

"பேச்சே இல்லை சார், வெறும் காத்து!" என்றேன். கட்சி மாற எனக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை.

ஆணை வந்தது: 'மேற்படி "ம்" மூக்கின் வழியே வெளியேறிய ஒலியே அன்றிப் பேச்சு அன்று. பதிவில் உள்ள ஒரே பேச்சு ஊழியருடையது. தம்மைப் பதிவு செய்யத் தம்மிடம் அவர் முன் அனுமதி பெற்றதற்கு ஆதாரம் இல்லாததால், கடுமையாக எச்சரிக்கப்படுகிறார்.'

சாயங்காலம் மனைவிக்குப் போன் செய்தேன். "மாற்றல் போச்சும்மா."

"அப்ப வேலையை விட்டுட்டு வாங்க. வரேன்னு ஒத்துக்கிட்டீங்களே."

"எப்ப?"

"கேட்டேன். 'ம்'னீங்க."

"'ம்' பேச்சே இல்லை. ஆர்டரே போட்டாச்சு."

"ரெக்கார்ட் பண்ணி வச்சிருக்கேன்."

"அனுமதி இல்லாமலா? அது குற்றம், தெரியுமா?"

"அனுமதி வாங்கித்தான் பண்ணேன்" என்று சொல்லி அதைப் போட்டுக் காட்டினாள்.

பின்னணியில் என் டிவியில் கிரிக்கெட். அதற்கு மேல் அவள் குரல், கொஞ்சம் தழுதழுத்து: "நீங்க அப்புறம் மறந்துடுவீங்க, ரெக்கார்ட் பண்ணிக்கிறேன், சரியா?"

"ம்."

"என்னால தனியா இருக்க முடியலைங்க. மாற்றல் கிடைக்கலைன்னா வேலையை விட்டுட்டு வந்துடுறீங்களா?"

"ம்."

அச்சு அசல் மேலாளர் குரல்.