தாம்பரத்தில் ஏறி, பெருங்களத்தூரில் இறங்கிய பாட்டு

காதைப் பொறுத்தவரை தாம்பரத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. முடிச்சூர் சாலையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள் (கேட்காவிட்டால் நானே போய்ச் சொல்வேன்). பள்ளிக்கூடம் ஆறாம் வகுப்போடு என்னைக் கைகழுவிவிட்டது. அதற்குப் பிறகு எனக்குச் சோறு போட்டது காதுதான். எரிந்த மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் கடையில் எடுபிடியாகச் சேர்ந்து, பிறகு சொந்தக் கடை போட்டு, மாடி வீடும் கட்டினேன். போனில் மோட்டார் ஓடும் சத்தத்தைக் கேட்டே, "பேரிங் பூட்ச்சு, இறக்கிக் கொண்டா" என்று சொல்கிற ஆள் நான்.

அப்பேர்ப்பட்ட காதுதான் என் மகள் ஜெசியின் கல்யாண வரவேற்பில், மண்டபம் நிறைந்த கூட்டத்துக்கு முன்னால், என்னை நட்டாற்றில் விட்டது.

தொடங்கி வைத்தது என் வாய். மாப்பிள்ளை வீடு சேலையூர். சம்பந்தி சாமுவேல் சார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அந்த வீட்டில் எல்லோரும் பாடுவார்கள். நாலு பேர் நாலு விதமாக இழுப்பார்கள். சேர்த்துக் கேட்டால் ஒரே பாட்டாக இருக்கும். அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வரவேற்பு அன்று பெண் வீட்டார் மேடையேறிப் புதிதாக ஒரு பாட்டுப் பாட வேண்டும். அது அப்புறம் அந்த வீட்டுப் பாட்டாகிவிடும். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மருமகள் முன்னால் நின்று அதைப் பாடுவாள், மற்றவர்கள் பின்பாட்டுப் பாடுவார்கள். மூத்த மருமகளின் வீட்டில் பாட ஆளில்லை. ஆகவே இன்றுவரை கிறிஸ்துமஸ் அன்று அவள் வேலை எல்லோருக்கும் காபி கொடுப்பது.

பேச்சுவார்த்தைக்கு வந்த அன்று சாமுவேல் சார் மரியாதையாகத்தான் கேட்டார்.

"உங்க பக்கம் பாடறவங்க யாராவது இருக்காங்களா? இல்லேன்னாலும் பரவாயில்ல, நாங்களே சமாளிச்சுக்கறோம்."

அந்த "பரவாயில்ல" என்னைக் குத்திவிட்டது.

"இன்னா சார் இப்டி கேட்டுட்டீங்க? நான் கீறேனே! பாட்றது மட்டும் இல்ல, ட்யூனே நான்தான் போடப் போறேன்."

என் மனைவி எஸ்தர் நீட்டிய பஜ்ஜித் தட்டு அந்தரத்தில் நின்றது. அதுவரை நான் பாடிய ஒரே இடம் குளியலறை. அங்கேயும் குழாயைத் திறந்துவிட்டுத்தான் பாடுவேன்.

அவர்கள் போனதும் ஜெசி கேட்டாள்: "உனக்கு ட்யூன் போடத் தெரியுமாப்பா?"

"காயில் கட்டத் தெரிஞ்சேவா பொறந்தேன்? கத்துக்கினேன்ல?"

"விளையாடாதப்பா. அந்த வீட்ல நான் பாடணும். காபி டம்ளர் தூக்கினு நிக்க முடியாது."

அவள் கண் கலங்கியிருந்தது. வாயால் கெட்டதை வாயாலேயே சரிசெய்யாமல் விடுவதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

கேம்ப் ரோட்டில் பெனிட்டா டீச்சர் சின்னப் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுப்பார். ஜெசி வயதுதான். பல் விழுந்த பிள்ளைகள் நடுவில் நானும் போய் உட்கார்ந்தேன். (பல் விழுந்த விஷயத்தில் நானும் அவர்களும் ஒரே வகுப்புதான்.)

"அங்கிள், மேஜர் ஸ்கேல்ல ஆரம்பிக்கலாம். ச ரி க ம ப த நி ச. சாதான் உங்க வீடு. எந்த ஸ்வரத்துக்குப் போனாலும் வீடு எங்க இருக்குன்னு காதுக்குத் தெரிஞ்சுகிட்டே இருக்கணும். அது தெரிஞ்சா மத்த எல்லாத்தையும் கண்டுபிடிச்சுடலாம்."

சாவை வாசித்துவிட்டு இன்னொரு கட்டையைத் தட்டி, "இது என்ன?" என்பார். பிள்ளைகள் "பா!" என்று கத்தும். எனக்கு எல்லாம் ஒன்றாகவே கேட்டது. மோட்டாருக்குள் உதிர்ந்த தூசியைக் கண்டுபிடிக்கிற காதுக்குப் பாவும் தாவும் பிடிபடவில்லை. பேஜாராகப் போய்விட்டது.

வழி காட்டியது ரயில். ஒருநாள் கடைக்குச் சரக்கு வாங்கக் கிளம்பியவன், தாம்பரத்தில் மின்சார வண்டி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து ஸ்டேஷன்களை எண்ணினேன். தாம்பரம், சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல், மவுண்ட். எட்டு ஸ்வரத்துக்கு எட்டு ஸ்டேஷன்! தாம்பரம்தான் சா, அதாவது நம்ம வீடு. மவுண்ட் மேல் சா. திரிசூலம் பா, கெட்டியான இடம், நின்று மூச்சு விடலாம். பழவந்தாங்கல் நி; அங்கே நின்றுவிட்டால் அடுத்து மவுண்ட் போய்ச் சேராமல் மனசு ஆறாது. தாம்பரத்துக்கு இந்தப் பக்கம் பெருங்களத்தூர் கீழ் நி. சாவுக்கு ஒரு சின்ன அடி கீழே.

டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஆனா அங்கிள், காவுக்கும் மாவுக்கும் நடுவுல தூரம் கம்மி. கறுப்புக் கட்டையே கிடையாது."

"குரோம்பேட்டைலேர்ந்து பல்லாவரத்துக்கு மட்டும் வண்டி வேகமாப் போவுதுன்னு வெச்சுக்கறேன் டீச்சர்."

அதன் பிறகு அவர் எதைத் தட்டினாலும் ஸ்டேஷன் பெயர் சொன்னேன். பிள்ளைகளும் "பா" என்பதை விட்டுவிட்டுத் "திரிசூலம்!" என்று கத்த ஆரம்பித்தார்கள். பெற்றோர் சிலர் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள்.

ட்யூன் போடவும் துணிந்தேன். முதலில் போட்டதைக் கேட்டுவிட்டு டீச்சர், "எல்லா ஸ்டேஷன்லயும் நிக்குது அங்கிள். சிலதைத் தாண்டுங்க, பிடிச்ச இடத்துல நில்லுங்க, கடைசியில வீட்டுக்கு வந்துடுங்க" என்றார். மாற்றினேன். தாம்பரத்தில் கிளம்பி, சானடோரியத்தைத் தாண்டிக் குரோம்பேட்டை. அங்கிருந்து ஒரே தாவலாகத் திரிசூலம். மீனம்பாக்கத்தில் கொஞ்சம் நின்று சுற்றிப் பார்த்துவிட்டு, பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம் வழியாக வீடு. பாடிப் பாருங்கள், நெஞ்சு நிறையும். அதற்கு எஸ்தர் வார்த்தை போட்டாள்: "எங்க வீட்டு விளக்கு இனி உங்க வீட்டில் எரியட்டும்."

ஒரே ஒரு சிக்கல் பாக்கி இருந்தது. பாடப் பாடச் சா நழுவியது. சுதி பிடிக்கப் போனில் ஏதோ போட்டுக்கொள்ளச் சொன்னார் டீச்சர். எனக்கு எதற்கு அது? கடையில் மோட்டாரை ஓடவிட்டால் "ம்ம்ம்" என்று ஒரே சீராக இழுக்கிறதே! அதன்மேல் பாடினேன். பசை போட்டது போல ஒட்டிக்கொண்டது. டீச்சரைக் கடைக்கே வரவழைத்தேன். கீபோர்டை வைத்துப் பார்த்துவிட்டு, "அஞ்சு கட்டை சுதிக்குத் துளி மேல நிக்குது" என்றார். கீபோர்டையும் அதே அளவுக்கு ஏற்றிக்கொடுத்தார். வீட்டுக்கு வந்து ஃபிரிட்ஜைக் கேட்டேன். அதே சா. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரிலும் பழைய டியூப்லைட் சோக்கிலும் அதே சாதான். தாம்பரம் மொத்தமும் எனக்காக ஒரே சுதியில் தம்புரா மீட்டிக்கொண்டிருந்தது!

"மெஷினை நம்பாதீங்க அங்கிள். சா உங்களுக்குள்ள இருக்கணும்," என்றார் டீச்சர்.

"எனுக்குள்ள இருந்தா இன்னா, வெளிய இருந்தா இன்னா டீச்சர்? இருக்கா இல்லியா?"

எஸ்தர், அவள் தம்பி அருள், அவள் தங்கைகள் என்று எங்கள் பக்கத்து ஆட்களைத் திரட்டிக் கடையில் மோட்டாரை ஓடவிட்டே பயிற்சி கொடுத்தேன். "மோட்டாரைக் கேளு, மோட்டாரைக் கேளு" என்று மண்டையில் ஏற்றினேன். "மாமா, கல்யாணத்துக்கு மோட்டாரையும் தூக்கினு போலாமா?" என்றான் அருள். அன்று அவனுக்கு மட்டும் டீ கொடுக்கவில்லை.

வரவேற்பு வண்டலூர்ப் பக்கம் ஒரு மண்டபத்தில். முதலில் மாப்பிள்ளை வீட்டார் பாடினார்கள். மலையிலிருந்து அருவி இறங்கியது போல இருந்தது. அடுத்து எங்களைக் கூப்பிட்டார்கள். மேடையில் ஜெசி வெள்ளைப் புடவையில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காதைத் தீட்டினேன். ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து மெல்லிசாக "ம்ம்ம்" வந்தது. அதே சா! எங்கள் ஆட்களைத் திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். பெனிட்டா டீச்சர் கீபோர்டில் விரல் வைத்தார். கிளம்பினோம்.

முதல் அடி எப்படி வந்தது என்கிறீர்கள்! சாமுவேல் சார் நாற்காலி நுனிக்கே வந்துவிட்டார். மூத்த மருமகள் காபித் தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள். இரண்டாம் தடவை "எங்க வீட்டு விளக்கு" என்று எடுத்தோம்.

கரண்ட் போய்விட்டது.

மண்டபம் கும்மிருட்டு. "நிறுத்தாதீங்க!" என்று கத்தினேன். கீபோர்டு பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் பாட்டும் நிற்கவில்லை. இருட்டில் யாரோ கை தட்டினார்கள். மேடைக்குப் பின்சுவரை ஒட்டி ஜெனரேட்டர் உறுமி எழுந்தது. விளக்கு வந்தது, மைக்கும் வந்தது.

என் சனியனும் கூடவே வந்தது. ஜெனரேட்டரின் "ம்ம்ம்" லைன் கரண்டின் "ம்ம்ம்" இல்லை. ஒரு சின்ன அடி கீழே இருந்தது. "மோட்டாரைக் கேளு" என்று பழக்கிய காதல்லவா? நான் கேட்டேன். எஸ்தரும் அருளும் தங்கைகளும் கேட்டார்கள். ஒருவர் பாக்கியில்லாமல், ஒரே மூச்சில், ஒரே அளவில் கீழே இறங்கினோம். கீபோர்டு மட்டும் பழைய தாம்பரத்திலேயே நின்றது. நாங்கள் பெருங்களத்தூருக்கு வீட்டை மாற்றிவிட்டோம்.

இரண்டும் சேர்ந்து கேட்டபோது தகரத்தை ஆணியால் கீறியது போல இருந்தது.

"அங்கிள், கீழ போறீங்க!" என்று டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

நானா கீழே போகிறேன்? என் காதா? மைக் வாயருகே இருப்பதை மறந்து, பாட்டுக்கு நடுவிலேயே, "டீச்சர், உன் பொட்டிக்கு பேட்டரி இறங்கிப்போச்சு! ஏத்து, ஏத்து!" என்றேன். வாசலில் வண்டி நிறுத்துகிறவருக்கே கேட்டிருக்கும்.

அதோடு விட்டதா? மண்டபத்துக்காரர் ஏ.சி.யைப் போட்டார். பாரம் ஏறியதும் ஜெனரேட்டர் முக்கி முனகி இன்னும் கொஞ்சம் தணிந்தது. நாங்களும் விசுவாசமாகத் தணிந்தோம். பெருங்களத்தூருக்கு அடுத்த வண்டலூரையே தாண்டியிருப்போம். எஸ்தர் பாடிக்கொண்டே என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஜெசி தலையைக் குனிந்துகொண்டாள். முன்வரிசையில் ஒருவர் இருமுவது போலச் சிரித்தார். என் வாழ்நாளில் எத்தனையோ மோட்டார்களை எரித்திருக்கிறேன். அன்றுதான் முதன்முதலாக நான் எரிந்தேன்.

கடைசி அடி வந்தது. அந்த நேரம் பார்த்து லைன் கரண்ட் திரும்பி வந்தது. ஜெனரேட்டர் அடங்கியது. ஸ்பீக்கரில் என் பழைய "ம்ம்ம்" எழுந்தது. பழகிய காதுகள் என்ன செய்யும்? அத்தனை பேரும் பாதி வரியில் ஒன்றாக மேலே தாவி, கீபோர்டோடு கைகோத்து, சானடோரியம் வழியாகத் தாம்பரம் வந்து நின்றோம். சுத்தமான சா.

சாமுவேல் சார் எழுந்து மேடைக்கு வந்தார். நான் ஜெசி முகத்தைப் பார்க்கவில்லை.

"சம்பந்தி, ட்யூன் பிரமாதம். ஆனா நடுவுல எல்லாருமாச் சேர்ந்து எங்க போயிட்டு வந்தீங்க?"

உண்மையைச் சொன்னேன். மோட்டார், ஃபிரிட்ஜ், டிரான்ஸ்ஃபார்மர், ஸ்டேஷன் எல்லாவற்றையும். மைக் இன்னும் கையில் இருந்ததால் மண்டபத்துக்கே சொன்னதாக ஆகிவிட்டது. சொல்லி முடிப்பதற்குள் சாமுவேல் சார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேடைப்படியில் உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"எங்க வீட்ல ஒருத்தர் சுதி விட்டா ஒருத்தர்தான் விடுவோம். நீங்க அத்தன பேரும் ஒரே அளவுக்கு இறங்கி, ஒரே அளவுக்கு ஏறுனீங்களே! எங்க கொயருக்கு அது வராது சம்பந்தி."

(இந்த வாக்கியத்தைச் செல்போனில் பதிவு செய்யாமல் விட்டுவிட்டேனே என்று இன்றும் வருத்தம். ஆனாலும் கடைக்கு வருகிற எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன்.)

அந்தக் கிறிஸ்துமஸுக்கு எங்களையும் அழைத்திருந்தார்கள். ஜெசி முன்னால் நின்று என் பாட்டைப் பாடினாள். மூத்த மருமகளையும் கைபிடித்து இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். காபியை அன்று சாமுவேல் சாரே கொடுத்தார். இரண்டாம் தடவை "எங்க வீட்டு விளக்கு" வந்ததும் அவர் கையைக் கீழே காட்டினார். அந்த வீடே ஒன்றாக ஒரு சின்ன அடி இறங்கியது. கடைசி வரியில் ஒன்றாக ஏறியது. வேண்டுமென்றே! அது இல்லாவிட்டால் பாட்டு முடிந்த மாதிரியே இல்லையாம். அந்த இடத்துக்குப் பெருங்களத்தூர் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

இப்போதும் சேலையூரில் கரண்ட் போனால் என் போன் அடிக்கும். எடுத்தால் சாமுவேல் சார் ஹலோகூடச் சொல்லமாட்டார்.

"சம்பந்தி, இப்ப எங்க இருக்கீங்க? தாம்பரமா, பெருங்களத்தூரா?"

"தாம்பரம்தான் சார்," என்பேன். சொல்வதற்கு முன்னால் ஃபிரிட்ஜ் பக்கம் ஒருமுறை காதைக் கொடுத்துவிட்டுத்தான் சொல்வேன்.