இளைஞர் எண் ஒன்று

முதுமையை ஆராய்கிறவர் என்று ஓர் இனம் உண்டு. உங்கள் முழங்கால் எந்த வயதில் முனக ஆரம்பிக்கும், எலும்பு எப்போது மெலியும், நடை எப்போது தளரும் என்று கேட்டால் மடமடவென்று ஒப்பிப்பார். அவருடைய முழங்காலைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "நேத்து கொஞ்சம் குளிர்" என்பார். தென்துருவக் காற்றடிக்கிற டுனீடின் ஊரில் என்றைக்கு ஐயா குளிர் இல்லை?

பேராசிரியர் ஹேமிஷ் அபர்னெதியையே எடுத்துக்கொள்ளுங்கள். வயது ஐம்பத்தெட்டு. வீட்டுக்குப் போகிற செங்குத்துத் தெருவை ஒரு காலத்தில் ஓடியே ஏறியவர். இப்போது பாதியில் நின்று துறைமுகத்தை ரசிக்கிறார். தினமும், அதே இடத்தில், வாயைத் திறந்துகொண்டு, விளக்குக் கம்பத்தைப் பிடித்தபடி ரசிக்கிறார். இயற்கையை ரசிப்பது குற்றமா என்ன?

அவர் வாழ்நாள் சாதனை ஒரு ஷூ. கண்ணை மூடி நின்றால் எந்த உடம்பும் லேசாக ஆடும். வயது ஏற ஏற ஆட்டம் கூடும். ஷூ அந்த ஆட்டத்தை இளைஞர்களின் ஆட்டத்தோடு ஒப்பிட்டு, அளவு மீறினால் "கீச்" என்று கத்தி, விழப்போகிறாய் என்று எச்சரிக்கும். ஒப்பிட இளைஞர்கள் வேண்டுமே? ஆய்வுக்கூடங்களில் ஒரு வழக்கம் உண்டு: வெளியாள் சிக்காவிட்டால் உள்ளே இருப்பவர்களே ஏறி நின்றுவிடுவார்கள். ஹேமிஷ் இருபத்தாறு வயதில் ஏறி நின்றார். 'இளைஞர் எண் ஒன்று' என்று பதிந்துகொண்டார்கள். ஷூவைத் திருத்தும்போதெல்லாம் பழைய அளவுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி நிற்க வேண்டும், இவரும் நின்றார். பதிவில் வயது மட்டும் இருபத்தாறிலேயே நின்றது. கூட நின்றவர்கள் வேலை கிடைத்து ஆக்லாந்துக்கும் சிட்னிக்கும் பறந்துவிட்டார்கள். இவர் மட்டும் இறங்கவே இல்லை.

அடுத்த மாதம் ஷூ முதியோர் இல்லங்களுக்குப் போகவேண்டும். அந்த நேரம் பார்த்து, வீட்டில் போட்டுப் பார்க்க ஒப்புக்கொண்டிருந்த நோலீன், வயது எழுபத்தொன்பது, மணிக்கட்டில் கட்டோடு வந்து நின்றாள்.

"ஏன் தம்பி, உன் ஷூ என்ன ஊமையா? படியில தள்ளாடினேன். கத்தும் கத்தும்னு நம்பிக் கைப்பிடியை விட்டேன். ம்ஹூம்! நேரா ரோஜாச் செடி மேல போய் விழுந்தேன்."

ஹேமிஷ் ஷூவைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பேட்டரியா? காலுறை தடிமனா? படியே கோணலா?

மெரே, இருபத்துநாலு வயது ஆராய்ச்சி மாணவி, ஷூவை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். ஆட்டத்தை வைத்து ஷூ கணித்த அவள் வயது திரையில் வந்தது: ஆறு.

"பள்ளிக்கூடத்துல சேத்தாச்சா, கண்ணு?" என்றாள் நோலீன். அடுத்து அவளே ஏறி நின்றாள்: நாற்பத்தொன்று. ஹேமிஷ் ஏறி நின்றார்: இருபத்தாறு. மனிதருக்கு முகமெல்லாம் பூ.

"பாத்தீங்களா! மெஷின் கனகச்சிதமா வேலை செய்யுது!"

"கோளாறே அதுதான் ஹேமிஷ்," என்றாள் மெரே. "இந்த ஷூவுக்கு இளமைன்னா நீங்கதான். நீங்க வருஷா வருஷம் கூடக் கூட ஆட, அதுவும் 'இளவட்டம்னா இப்படித்தான் ஆடும் போல'ன்னு நெனச்சுக்கிச்சு. உங்களை அந்தக் குழுவுக்கு மாத்தணும்."

"எந்தக் குழு?"

"முதியோர்."

அந்தச் சொல்லை முப்பது வருஷமாக மேடைதோறும் முழங்கியவர், முதல்முறை கேட்பவர்போல் விழித்தார். "நேத்து சரியாத் தூங்கலை, அதான்..." என்றார். "உன் ஆறு வயசை விதிவிலக்குன்னு ஒதுக்கிட்டா?" என்றார். கடைசியாக, "'அனுபவமுள்ள இளைஞர்'னு மூணாவதா ஒரு குழு வெச்சா என்ன?" என்றும் கேட்டார். விஞ்ஞானி அல்லவா, சும்மா விடுவாரா?

நோலீனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நீ இளவட்டமா இருக்கறதுக்கு நாங்க இன்னும் எத்தனை பேருய்யா விழணும்?"

ஹேமிஷுக்கு வெட்கமாக இருந்தது, கட்டுப்போட்ட அந்தக் கையைப் பார்க்கப் பார்க்க இன்னும் வெட்கமாக இருந்தது. தன் பெயரைத் தானே அந்தக் குழுவுக்கு மாற்றினார். கட்டிக்கொடுத்த பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிற அப்பன்கூட அவ்வளவு கலங்கியிருக்க மாட்டான். மெரேயையும் அவள் தோழர்களையும் நிற்கவைத்துப் புதிதாக அளந்தார்கள். நோலீன் ஏறினாள். கீச்! ஹேமிஷ் ஏறினார். கீச்! வயது: அறுபத்துநாலு.

"ஆறு வருஷம் கூடக் காட்டுதே!" என்று அலறினார்.

"இப்பத்தான் நெஜம் பேசுது," என்று நோலீன் பெஞ்சில் நகர்ந்து இடம்விட்டாள். "வா, உக்காரு. அளந்து முடிச்சா எங்க குழுவுக்கு மட்டும் டீயும் சீஸ் ரோலும் உண்டு. இத்தனை வருஷமா உனக்கு நஷ்டம்." ஹேமிஷ் இரண்டு ரோல் தின்றார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், உங்களுக்கென்ன, உங்களுக்கு இன்னும் வயதாகவில்லை. அது சரி, எங்கே, கொஞ்சம் எழுந்திருங்கள் பார்க்கலாம்.

முழங்காலில் கை எதற்கு?