ஈயப் பனியனோடு ஸ்கேனுக்குப் போனது

பாசமுள்ள அக்காவுக்கு, தம்பி எழுதிக்கொள்வது.

நீயும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அதைப் பார்த்துச் சொல்லத்தான் டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார் என்பதால், அந்த வரியை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன்.

இருமலுக்கு எடுத்த எக்ஸ்ரேயில் வலது நுரையீரலில் ஒரு புள்ளி தெரிகிறதாம். "ஒண்ணும் இல்லாமலும் இருக்கலாம், ஒரு சி.டி. ஸ்கேன் பார்த்துடுவோம்" என்றார் டாக்டர். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சி.டி. ஸ்கேனில் கதிர் அதிகம் என்று கடைக்குத் திரைச்சீலை வாங்க வந்த ஒருவர் வேறு சொல்லிவிட்டுப் போனார். அங்கே வேலை செய்பவர்களே ஈயக் கவசம் போட்டுக்கொள்வார்களாம். ஈயத்துக்கு நம் கடையில் பஞ்சமா? சீலை காற்றில் பறக்காமலிருக்க விளிம்பில் வைத்துத் தைக்கும் ஈயக் கட்டிகளைப் பனியனுக்குள் வரிசையாக வைத்துத் தைத்து, ஆஸ்பத்திரி அங்கிக்குள் போட்டுக்கொண்டு போய்ப் படுத்தேன். படுத்ததும் மேஜை கடகடவென்றது. ஸ்கேன் எடுக்கும் பெண் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து முதல் படம் ஒன்று எடுத்துப் பார்த்துவிட்டு, எழுந்து உள்ளே வந்தாள்.

"ஐயா, உள்ள என்ன போட்டிருக்கீங்க?"

"பனியன்தாம்மா."

"பனியன்ல ஈயம் காய்ச்சு தொங்குதே. வலது பக்கம் மட்டும் ரெண்டு அடுக்கா இருக்கு?"

"கட்டி மிச்சம் இருந்துதும்மா."

அவள் சிரிக்கவில்லை. முதல் படத்தில் உடம்பின் பருமனைப் பார்த்துத்தான் கதிர் எவ்வளவு வேண்டும் என்று மெஷினே முடிவு செய்யுமாம். "இதோட படுத்தா, யானை படுத்திருக்குன்னு நினைச்சுக் கூட்டிக் குடுக்கும். கழட்டுங்க." கழற்றினேன். "ரொம்பக் குறைச்சு வைம்மா, படம் மங்கினாலும் பரவாயில்ல" என்றேன். "குறைச்சுதான் வெச்சிருக்கோம். கதிர் குறைஞ்சா படம் பொரிபொரியா வரும்தான். அதைக் கம்ப்யூட்டர் சுத்தம் பண்ணிடும். கடுகளவு இருந்தாலும் தெளிவாத் தெரியும், பயப்படாதீங்க" என்றாள். நான் ஸ்கேன் எடுக்காமலே இறங்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். "அதுக்குள்ள முடிஞ்சுதா?" என்றாள் வெளியே உட்கார்ந்திருந்த உன் தம்பி மனைவி. மெஷின் ரிப்பேர் என்று சொல்லிவைத்தேன்.

ஆகவே அக்கா, நீ அவளைக் கூப்பிட்டு, இந்த வயதில் கதிரெல்லாம் உடம்புக்கு ஆகாது, ஒரு வருஷம் போகட்டும் என்று சொல். நான் சொன்னால் எதிர்க் கேள்வி கேட்பாள். நீ சொன்னால் கேட்டுக்கொள்வாள்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு மாமாவின் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு.: மேலே கேட்ட எதையும் செய்யாதே. எனக்குக் கதிரைக் கண்டு பயமில்லை. படம் மங்கலாக வந்தால் டாக்டர் உதட்டைப் பிதுக்குவார், நானும் கொஞ்ச நாள் ஒன்றும் தெரியாதவனாக இருந்துகொள்ளலாம் என்று பார்த்தேன். தெளிவாக வரும் என்று அந்தப் பெண் சொன்னதும்தான் இறங்கி ஓடிவந்தேன். வியாழக்கிழமைக்கு மறுபடி நேரம் வாங்கியிருக்கிறேன். நீ மட்டும் வா. அத்தான் வேண்டாம், தைரியம் சொல்ல ஆரம்பித்துவிடுவார். நீ அந்த அறைக் கதவு வரைக்கும் என்னைத் திட்டிக்கொண்டே கூட வந்தால் போதும்.